சரித்திரப் பதிவேட்டில் ஒரு பெயர்



தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்தில் காவலாளி வேலை, வண்டலூர் பக்கம் கிடங்கு வேலை, பழைய மகாபலிபுரம் சாலையில் கம்பெனிக் கார் ஓட்டும் வேலை. நம் பிள்ளைகளின் கைக்கு எட்டும் வேலைகள் இவை. எதற்குப் போனாலும் காவல்துறைச் சரிபார்ப்பு கேட்கிறார்கள். ஏதோ ஊர்த் தகராறில் பத்தோடு பதினொன்றாக முதல் தகவல் அறிக்கையில் சேர்ந்த பெயர், வழக்கு முடிந்த பிறகும் அங்கே எட்டிப் பார்க்கிறது. அந்தப் பெயர் எப்படி ஏறியது, எப்படி இறக்குவது என்பதே இன்று என் பேச்சு.

1871இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பே குற்றம். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதைக் கள்ளர்களின் வரலாறாக மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். குறவர், ஒட்டர் ஆகியோரோடு வேப்பூர்ப் பறையரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். தென்னார்க்காட்டு அஜீஸ் நகர் குடியிருப்பு அப்படி அடைக்கப்பட்டவர்களுக்கானது. நம் மேடைகள் இதை இன்னும் போதுமான அளவு பேசவில்லை.

1947இல் சென்னை மாகாணம் அச்சட்டத்தை நீக்கியது. 1952இல் இந்தியா முழுவதும் போனது. ஆனால் 1948இலேயே வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இங்கே வந்துவிட்டது. சாதியின் பெயரை எடுத்துவிட்டு ஆளின் பெயரை எழுதினார்கள். காவல் நிலையத்தில் அதற்கு வைத்திருக்கும் ஏட்டின் பெயர் சரித்திரப் பதிவேடு! நம்மைச் சரித்திரத்தில் எழுத மறந்தவர்கள் இந்தச் சரித்திரத்தில் மட்டும் மறக்கவில்லை. இதைத் திறக்க நீதிமன்றத் தண்டனை தேவையில்லை, சந்தேகம் போதும். பதிவேட்டில் உள்ளவர் வீட்டை இரவில் தட்டும் வழக்கத்தை 1962இல் கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மக்களின் பெயர்களை யந்திரத்தனமாக இதில் ஏற்றக் கூடாது என்று 2024 மே மாதத்தில்கூட அந்த நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. வியாதி எவ்வளவு பழையது பாருங்கள்.

இன்னொரு வழியிலும் பெயர் ஏறுகிறது. சில்லறை வழக்கில், “ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டு, மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போகலாம்” என்பார்கள். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று நம் ஆள் தலையாட்டுகிறார். அது தண்டனைத் தீர்ப்பு என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. வழக்கை நடத்தி ஜெயித்தாலும் நிம்மதி இல்லை. ‘சந்தேகத்தின் பலன்’ என்று எழுதி விடுதலை செய்தால், காவலர் தேர்வு விதிகளின்படி அவர் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர்தான். விடியலில் மைதானத்தில் ஓடிப் பழகும் எத்தனை பையன்களுக்கு இது தெரியும்?

அமெரிக்காவில் சட்டக் கல்லூரி மாணவர்களே இலவச மையங்களில் பழைய வழக்குகளை நீக்கும் மனுக்களைத் தயாரிக்கிறார்கள். பென்சில்வேனியாவில் 2018இல் வந்த சட்டம் சில பழைய பதிவுகளைத் தானாகவே மூடுகிறது. நமக்கு அப்படிப் பொதுச் சட்டம் இல்லை. சிறு கதவுகள் உண்டு. 18 வயதுக்கு முன் நடந்ததற்கு, 2015 இளையோர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு பெரும்பாலான வழக்குகளில் தகுதியிழப்பை நீக்கிப் பதிவையும் அழிக்கச் சொல்கிறது. நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டவருக்கு 1958 சட்டத்தின் 12ஆம் பிரிவு இருக்கிறது. 2022 அடையாளச் சட்டம் கைரேகையை 75 ஆண்டு வைத்திருக்கலாம் என்கிறது. ஆனால் முன் தண்டனை இல்லாதவர் மேல்முறையீடுகளும் முடிந்து விடுதலையானால், நீதிமன்றம் வேறு விதமாகச் சொல்லாதவரை, அழிக்க வேண்டும்.

இந்தக் கதவுகளைத் தட்ட வக்கீல் காசு வேண்டாம். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி தலித்துக்கும் பழங்குடிக்கும் வருமான வரம்பே கிடையாது. 2011 விதிமுறைகள் சட்டக் கல்லூரிகளிலும் உதவி மையம் வைக்கச் சொல்கின்றன. ஆனால் இலவச உதவி என்றால் ஜாமீன், ஜீவனாம்சம், லோக் அதாலத் என்பதோடு நம் கேள்வியும் நின்றுவிடுகிறது.

அண்ணல் பெயர் தாங்கிய அரசு சட்டக் கல்லூரி 2018இல் பாரிமுனையிலிருந்து பிரிந்து, ஒரு பகுதி வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் புதுப்பாக்கத்துக்கு வந்தது. தாம்பரத்திலிருந்து பேருந்தில் போகும் தூரம்தான். அங்கே படிக்கும் தோழர்கள் ஞாயிறுதோறும் ஒரு சேரியில் உட்காரலாம். முதலில் தீர்ப்பு நகல் வாங்கித் தர வேண்டும். தன் பெயரில் சரித்திரப் பதிவேடு திறந்திருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் அவரே கேட்க மனு எழுதித் தர வேண்டும். பதில் வந்ததும், எந்தக் கதவு என்று பார்த்து, சட்டப் பணிகள் குழுவின் வக்கீலிடம் அவரை அழைத்துப் போக வேண்டும்.