பிறந்த குழந்தையின் இரத்தப் பரிசோதனை: இயல்பான அளவுகளை அறிந்துகொள்வோம்

பிறந்து ஓரிரு நாள்களே ஆன குழந்தையின் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் பல அளவுகளுக்கு எதிரே ‘ஹை’ அல்லது ‘லோ’ என்று குறிக்கப்பட்டிருப்பதைக் கண்டு பெற்றோர் அஞ்சுவது இயல்பே. அறிக்கையின் ஓரத்தில் அச்சிடப்படும் இயல்பு அளவுகள் பெரும்பாலும் பெரியவர்களுக்கு உரியவை. அவற்றுடன் ஒப்பிட்டால் நலமாக உள்ள குழந்தையின் அளவுகளும் மாறுபட்டே தோன்றும். அதே வேளையில், உண்மையிலேயே கவனிக்க வேண்டிய சில அளவுகளும் உள்ளன. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய இப்பக்கம் உதவும்.

கீழ்க்காணும் அளவுகள் நிறைமாதத்தில் பிறந்த, நலமான குழந்தைகளுக்கு உரிய தோராயமான அளவுகள். ஆய்வகத்திற்கு ஆய்வகம் இவை சிறிது மாறுபடலாம். குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் இவை அப்படியே பொருந்தா.

முக்கிய அளவுகள்

• ஹீமோகுளோபின்: பிறந்தபோது ஒரு டெசிலிட்டருக்கு 14 முதல் 22 கிராம். கருவில் ஆக்சிஜன் குறைவாகவே கிடைப்பதால் குழந்தைக்குச் சிவப்பணுக்கள் மிகுதியாக இருக்கும். பிறந்தபின் இந்த அளவு படிப்படியாகக் குறைந்து, 8 முதல் 12 வாரங்களில் 9 முதல் 11 கிராம் வரை இறங்கும். நலமாக வளரும் குழந்தைக்கு இது இயற்கையான இறக்கமே.

• வெள்ளையணுக்கள்: பிறந்தபோது ஒரு கன மில்லிமீட்டருக்கு 9,000 முதல் 30,000 வரை. பெரியவர்களுக்கு 11,000-ஐத் தாண்டினாலே மிகுதி எனக் கருதப்படும். பிறந்த குழந்தைக்கு அந்த எண் மட்டுமே நோய்த்தொற்றின் அடையாளம் ஆகாது.

• தட்டணுக்கள்: 1.5 இலட்சம் முதல் 4.5 இலட்சம் வரை. இது பெரியவர்களின் அளவை ஒத்தது.

• குளுக்கோஸ்: பிறந்த முதல் இரண்டு மணி நேரத்தில் இயல்பாகவே சற்றுக் குறைந்து, பின்னர் உயரும். ஒரு டெசிலிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் மருத்துவர் உடனே கவனிக்க வேண்டும். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் புகட்டத் தொடங்குவது இக்குறைவைத் தடுக்க உதவும்.

• கிரியேட்டினின்: முதல் சில நாள்களில் இது தாயின் அளவையே காட்டும். ஆகவே 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். சில வாரங்களில் வெகுவாகக் குறைந்துவிடும்.

• டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை): பிறந்த முதல் நாளில் மிக உயர்ந்து பின்னர் தணியும். எனவே 48 மணி நேரத்திற்குப் பின் மாதிரி எடுப்பதே சிறந்தது. மறுபரிசோதனைக்கு அழைத்தால் தவறாமல் செல்லவும். பிறவித் தைராய்டு குறைபாட்டிற்கு முதல் இரண்டு வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் அறிவு வளர்ச்சிப் பாதிப்பைப் பெரிதும் தவிர்க்க இயலும்.

பிலிருபின்: எண்ணுடன் நேரத்தையும் பாருங்கள்

மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபினுக்கு ஒரே இயல்பு அளவு கிடையாது. நிறைமாதக் குழந்தைக்கு இது மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் உச்சம் அடைந்து பின்னர் குறையும். நான்காம் நாளில் 10 மில்லிகிராம் என்பது நலமான குழந்தையிடம் பெரும்பாலும் கவலைக்குரியதன்று. அதே 10 மில்லிகிராம் பிறந்த 20 மணி நேரத்தில் காணப்பட்டால் உடனடிக் கவனம் தேவை. ஆகையால் மருத்துவர் குழந்தையின் வயதை மணிக்கணக்கில் கொண்டே ஒளிச் சிகிச்சை தேவையா என முடிவு செய்வார்.

காலை வெயிலில் குழந்தையைக் காட்டுவது ஒளிச் சிகிச்சைக்கு மாற்று ஆகாது. சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கொடுக்க வேண்டாம். ஒரு நாளில் 8 முதல் 12 முறை தாய்ப்பால் புகட்டவும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. மாதிரி எடுத்தபோது குழந்தை பிறந்து எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது?
2. இரத்தம் குதிகாலில் எடுக்கப்பட்டதா, சிரையில் எடுக்கப்பட்டதா? குதிகாலில் எடுத்தால் ஹீமோகுளோபினும் பொட்டாசியமும் கூடுதலாகக் காட்டக்கூடும்.
3. இப்பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டுமா? எப்போது?

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

அறிக்கை இயல்பாக இருந்தாலும் கீழ்க்கண்டவற்றுள் ஒன்று காணப்பட்டால் தாமதிக்க வேண்டாம்:

• பிறந்த 24 மணி நேரத்திற்குள் மஞ்சள் நிறம் தோன்றுதல்
• உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுதல்
• பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் சோர்ந்தே இருத்தல், கீச்சென்ற அழுகை
• வெளிறிய, சுண்ணாம்பு நிற மலம். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மஞ்சள்
• காய்ச்சல் அல்லது உடல் சில்லிட்டுப் போதல்
• நிமிடத்திற்கு 60-க்கு மேற்பட்ட மூச்சு, வலிப்பு

அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணை அழைக்கவும். ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்கீழ் நோயுற்ற பச்சிளங் குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் சிகிச்சையும் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. எனவே செலவை எண்ணித் தயங்க வேண்டாம்.

அறிக்கையில் உள்ள எண் குழந்தையின் நிலையை அறிய உதவும் ஒரு சான்று மட்டுமே. குழந்தை நன்கு பால் குடிக்கிறதா, சிறுநீர் கழிக்கிறதா, விழித்திருக்கும்போது சுறுசுறுப்பாக உள்ளதா என்பவற்றையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வார். அறிக்கையை மட்டும் அனுப்பிவிடாமல் குழந்தையையும் அழைத்து வாருங்கள்.