அசைவைச் சேமித்த வரலாறு

1986 ஆம் ஆண்டின் இறுதியில் எரிக் கிரகாம் என்பவர் தம் அமிகா கணிப்பொறியில் பந்தாடுவோன் ஒருவனை உருவாக்கினார். உருண்டைகளைக் கோத்தமைத்த உடல். கண்ணாடிபோல் மின்னும் மூன்று பந்துகள். காலடியில் கட்டமிட்ட தரை. அம்மானை ஆடுவோர் கைபோல் அவன் கைகள் ஓயாமல் இயங்கின. ஒளிக்கதிர் செல்லும் வழியைக் கணக்கிட்டு வரைந்த படங்கள் மொத்தம் 24. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடித்தது. ஓரிரு நொடியில் முடிந்துவிடும் ஆட்டத்திற்குக் கணிப்பொறி ஒரு நாள் முழுதும் உழைத்தது.

வரைவதினும் அரிது, வரைந்ததை வைத்துக்கொள்வது. அமிகாவின் திரையில் 320 நெடுவரிசையும் 200 கிடைவரிசையுமாகப் புள்ளிகள் அமைந்த ஒரு படத்திற்கு, புள்ளிக்கு 6 பிட் வீதம், 48,000 பைட் வேண்டும். 24 படங்களுக்கு 11,52,000 பைட். அன்றைய நெகிழ்வட்டு கொண்டதோ 880 கிலோபைட். நினைவகம் பெரும்பாலும் 512 கிலோபைட். படங்களை அப்படியே அடுக்கினால் வட்டிலும் அடங்கா, நினைவகத்திலும் அடங்கா.

அந்த 6 பிட்டுக்குள் 4096 நிறங்கள் வந்ததே ஒரு விந்தை. புள்ளி தன் நிறத்தை முழுமையாகச் சொல்வதில்லை. இடப்பக்கத்துப் புள்ளியின் நிறத்தை வாங்கிக்கொண்டு, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளும். அடி குறுகக் குறுகச் சொல் செறிவதைப் பாவலர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இதே நெறியைக் காலத்திற்கும் பொருத்தியது 1988 இல் ஸ்பார்ட்டா என்னும் நிறுவனம் வகுத்த அனிம் கோப்பு வடிவம். முதற்படம் மட்டும் முழுமையாகப் பதிவாகும். பின்வருவனவற்றில் மாறிய பகுதிகளே பதிவாகும். பந்து நகர்ந்தால் பந்து நகர்ந்த இடம் மட்டுமே. தரையை மீண்டும் எழுத வேண்டா. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு படம் திரையில் தோன்றும்போது மற்றொன்று மறைவில் திருத்தப்படும். ஆகவே ஒவ்வொரு மாற்றமும் உடன் முந்தைய படத்தை நோக்கியதன்று. அதற்கும் முந்தையதை நோக்கியது. ஆட்டம் தடையின்றிச் சுழல வேண்டின், இறுதியில் முதலிரு படங்களுக்குத் திரும்பும் மாற்றங்களையும் சேர்த்தெழுத வேண்டும். 1989 இல் வந்த டீலக்ஸ் பெயின்ட்டின் மூன்றாம் பதிப்பு, நிரல் எழுதத் தெரியாத ஓவியர்க்கும் இவ்வசதியை அளித்தது.

படமே மாறாமல் அசைவு காட்டியவரும் உளர். 1984 சனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் டேல் லக், ஆர்.ஜே. மைக்கல் இருவரும் காட்டிய துள்ளும் பந்து அத்தகையது. பந்து ஒரே முறைதான் வரையப்பட்டது. அதன் கீற்றுகளுக்குரிய சிவப்பும் வெள்ளையும் முறைவைத்து இடம் மாறின. பார்ப்போர் பந்து உருள்வதாகக் கண்டனர். சேமிப்புக் கலையின் உச்சம் இதுவே எனலாம்.

எனினும் இச்சிக்கனத்திற்கு ஒரு விலை உண்டு. மாற்றங்களை மட்டும் எழுதிய கோப்பில் தொடக்கம் பழுதானால், அப்பழுது பின்வரும் படங்களையும் தொடரும். கோப்பின் முறை அறிந்த மென்பொருள் இல்லையெனில் எஞ்சுவன வெறும் எண்களே. கமடோர் நிறுவனம் 1994 இல் நொடித்தது. 1985 இல் அமிகாவின் அறிமுக விழாவில் ஓவியர் ஆண்டி வார்ஹோல் மேடையிலேயே வரைந்து காட்டினார். அக்காலத்தில் அவர் அதில் வரைந்த வேறு படங்கள் வட்டுகளிலேயே கிடந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணிப்பொறி மன்றத்தினர் அவற்றை மீட்ட செய்தி 2014 இல்தான் வெளிவந்தது. கோப்பின் வடிவம் பிற்கால மென்பொருள்களுக்குப் பிடிபடாமையால், அதன் அமைப்பை அவர்களே ஆராய்ந்து அறிய நேர்ந்தது. அசையாத படங்களுக்கே இந்நிலை.

கிரகாமின் பந்தாடுவோனுக்கு அத்துன்பம் நேரவில்லை. ஆர்வலர் பலர் அவனை வட்டுக்கு வட்டு படியெடுத்து வைத்திருந்தனர்.