பொக்கெட் டோச்சும் பென்டோச் பெட்டரியும்: ஒரு சின்ன வரலாறு

கல்முனை பஸார்ல சின்ன டோச் ஒன்று வாங்கப் போனா, இப்போ எல்லாரும் முதல் கேக்கிற கேள்வி, "மச்சான், இது எத்தின லூமன்?" கடைக்காரரும் பெட்டியில் அச்சடிச்சிருக்கிற எண்ணைக் காட்டுவார். எங்களுக்கு அது இரண்டாவது கேள்வி. முதல் கேக்க வேண்டியது, இந்த டோச் எதைத் தின்று எரியுது என்பதுதான். ஏன் அப்படிச் சொல்றோம் என்பதற்கு டோச்சின் வரலாற்றை ஒருக்கா பார்க்க வேணும்.

கையில் பிடிக்கிற டோச்சுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது 1899இல். வடிவமைத்தவர் டேவிட் மிசெல். ரஷ்யப் பேரரசிலிருந்து குடியேறிய கொன்ராட் ஹியூபர்ட்டின் கம்பனிதான் அதைச் செய்து விற்றது. அதற்கு முன்பே, 1886இல், ஜேர்மனியின் கார்ல் காஸ்னர் திரவம் சிந்தாத உலர் பெட்டரிக்குக் காப்புரிமை எடுத்திருந்தார். அது இல்லாவிட்டால் பொக்கெட்டில் வைக்கிற டோச் என்ற பேச்சே இல்லை. ஆனாலும் அந்தக் காலத்து பல்பும் பெட்டரியும் பலவீனமானவை. தொடர்ந்து எரிக்க ஏலாது. கொஞ்ச நேரம் மின்னவிட்டு, நிப்பாட்டி, பெட்டரியை ஆற விட வேணும். அமெரிக்கர்கள் அதை 'ஃப்ளாஷ்லைட்' என்று கூப்பிட்டது அதனால்தான். நாங்க ஆங்கிலேயரிடமிருந்து எடுத்துக்கொண்ட 'டோச்' என்ற சொல்லுக்கு மூலப் பொருள் தீப்பந்தம்.

ஹியூபர்ட்டின் கம்பனி வளர்த்த பெயர்தான் எவரெடி. அதை நேஷனல் கார்பன் கம்பனி வாங்கியது. அந்தக் கம்பனி 1917இல் யூனியன் கார்பைட்டோடு சேர்ந்தது. இந்தியாவில் எவரெடி பெட்டரியும் டோச்சும் விற்றது யூனியன் கார்பைட் இந்தியா. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தது அதே கம்பனியின் பூச்சிமருந்துத் தொழிற்சாலையில். போபாலுக்குப் பிறகு, 1994இல், அந்தக் கம்பனி கைமாறி எவரெடி இண்டஸ்ட்ரீஸ் ஆனது. கடையில் தொங்குற ஒரு பெட்டரிக்குப் பின்னால் இவ்வளவு தூரம் இருக்கு. டோச்சை நாங்க சொந்தமா வச்சிருந்தாலும் அதன் சாப்பாடு எப்பவும் வெளியில இருந்துதான் வருது.

பெட்டரிக்குக் காசு இல்லாத, கரண்டும் எட்டாத வீடுகளில் குப்பி லாம்புதான். அது சரிந்தா நெருப்பு. எரிகாயத்தோடு வந்தவர்களைப் பார்த்த அறுவை வைத்தியர் விஜய கொடகும்புர, 1990களின் தொடக்கத்தில் கட்டையான, கனமான கண்ணாடியில், திருகு மூடியோடு சரியாத ஒரு குப்பி லாம்பை உருவாக்கினார். இரண்டு பக்கம் தட்டையா இருக்கும்; விழுந்தாலும் உருளாது. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. வெளிச்சம் என்பது ஏழைகளுக்கு உயிர் சம்பந்தப்பட்ட விசயம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேணாம்.

போர்க்காலத்தில் பெட்டரியே ஆயுதக் கணக்கில் சேர்ந்தது. கண்ணிவெடிக்குப் பாவிக்கலாம் என்பதால், 1990இல் போர் மறுபடி தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகத் தடுத்த சாமான்களில் பெட்டரியும் ஒன்று. அங்கே ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் விளக்கு எரித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டார்கள். எங்க கரையை அப்படி முழுசா அடைக்கவில்லை. ஆனா இங்கே வேறொரு பயம் வந்தது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் இரவு என்றாலே காவல்தான். அப்படியான இரவில் டோச்சை எரிப்பதா, அணைப்பதா என்பதே யோசிக்க வேண்டிய விசயம். வழி காட்டுற அதே வெளிச்சம், ஆள் எங்கே நிற்கிறார் என்றும் காட்டிவிடும்.

அதற்குள் டோச்சின் உள்ளுக்கு எல்லாம் மாறிவிட்டது. 1993இல் ஜப்பானில் ஷுஜி நகமுரா பிரகாசமான நீல எல்.ஈ.டி.யை எடுத்து வந்தார். அதிலிருந்துதான் வெள்ளை எல்.ஈ.டி. பிறந்தது. 2014இல் அவருக்கும் அகசாகி, அமானோ இருவருக்கும் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. 2003இல் வந்த நொக்கியா 1100இன் தலையில் ஒரு குட்டி டோச் இருந்தது. அதோடு "ஃபோன் இருக்கே, டோச் எதுக்கு?" என்ற எண்ணமும் வந்துவிட்டது.

அந்த எண்ணத்துக்கு 2022இல் பதில் கிடைத்தது. டொலர் இல்லை, எரிபொருள் இல்லை. மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் கட். நோன்பும் அதே நாட்களில்தான் பிறந்தது. சஹருக்கு எழும்புற நேரம் ஃபோனிலும் சார்ஜ் இல்லை, சார்ஜ் பண்ற டோச்சிலும் இல்லை. குப்பி லாம்புக்கு மண்ணெண்ணெய் எடுக்கவும் கியூ. அந்த நேரம் பெட்டிக்கடையில் பென்டோச் பெட்டரி இரண்டு வாங்கி எரிக்கக்கூடிய பழைய டோச்தான் கை கொடுத்தது.

அதனால நாங்க சொல்றது இதுதான். பொக்கெட்டுக்கு வாங்கினா, பென்டோச் பெட்டரி ஒன்றில் எரியுற எல்.ஈ.டி. டோச்சை வாங்குங்க. அந்தப் பெட்டரி பொத்துவில் தொடக்கம் மருதமுனை வரைக்கும் எந்த மூலைக்கடையிலும் கிடைக்கும். ரீசார்ஜ் பண்ற பென்டோச் பெட்டரியும் அதே டோச்சுக்குள் போகும். கரண்ட் இருக்கிற காலத்தில் அதைப் போடலாம், இல்லாத காலத்தில் கடைப் பெட்டரி.

லூமனில் மயங்க வேணாம். 2009இல் அமெரிக்காவில் வந்த டோச் தரத்தின்படி, வெளிச்சம் கிட்டத்தட்ட முழுநிலா அளவுக்குக் குறையுற இடம் வரைக்கும்தான் ஒரு டோச்சின் தூரம். அந்தத் தூரத்தை இரண்டு மடங்காக்க நாலு மடங்கு வெளிச்சம் வேணும். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 போயா நாள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேல் மௌத்தானார்கள். முழுநிலா வளவுக்குக் காணும். இடிந்த வீட்டின் உள்ளுக்குக் காணாது. அப்படியான இரவில் வேண்டியது, மங்கலா என்றாலும் விடியும் வரைக்கும் அணையாத வெளிச்சம். ஆகவே குறைந்த வெளிச்சத்தில் எரிக்கிற முறை இருக்கா என்று கட்டாயம் பாருங்க. அதில் ஒரே பெட்டரி பல மணித்தியாலம் போகும். ஒழுங்கையில் புடையன் கிடக்குதா என்று பார்க்கவும், சுபஹுக்கு நடக்கவும் அது போதும். வயலில் யானை பார்க்கிற டோச் வேற. அது பொக்கெட்டில் வைக்கிற சாமான் இல்லை.

இன்னொன்று. மலிவு பெட்டரியின் வெளிக்கூடே நாகம்தான். எரிய எரிய அது கரையும். தீர்ந்த பெட்டரியை உள்ளுக்கே விட்டா ஒழுகி ஸ்ப்ரிங்கைத் தின்றுவிடும். பாவிக்காத டோச்சில் பெட்டரியைக் கழற்றி வைங்க.

1990லயும் சுனாமிக்குப் பிறகும் உங்க வீட்டில் என்ன வெளிச்சம் இருந்தது என்று உம்மம்மாமாரிடமும் வாப்பாமாரிடமும் கேட்டு எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த பகுதியை அதிலிருந்து எழுதுவோம்.