தரங்கம்பாடி: பழைய துறைமுகத் தெருக்கள்

காவிரிப் படுகையின் கடலோர ஊர். மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. 1620இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரின் அனுமதியோடு டேனியர்கள் இங்கே டான்ஸ்போர்க் கோட்டையை எழுப்பினர். 1845இல் ஊர் ஆங்கிலேயரிடம் விற்கப்பட்டது. பின்னர் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வணிகம் அங்கே போனது. தரங்கம்பாடித் துறை ஓய்ந்தது.

அந்த ஓய்வே பழைய வீடுகளைக் காப்பாற்றியது எனலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் புதுப்பிப்புப் பணிகள் வேகம் பெற்றன. ஆளுநர் மாளிகை டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் துணையோடு சீரமைக்கப்பட்டது. ஆங்கிலேயக் கலெக்டரின் கடலோர பங்களா நீம்ரானா குழுமத்தின் விடுதியானது.

நகர வாயிலுக்குள், ராஜா தெருவில், சீயோன் தேவாலயமும் 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் நிற்கின்றன. கரையில், பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. புதுச்சேரியின் வெள்ளை நகரம்போல கஃபேக்கள் இங்கே வரிசைகட்டவில்லை. ஊர்ப்பேச்சு டீக்கடை பெஞ்சில்தான் நடக்கிறது.

சுற்றுலாவுக்காக மெருகேறும் தெருக்களை விடவும் இவ்வூரின் இயல்பைச் சொல்பவர்கள் மீனவர்களே. பேரலைக்குப் பின் பலர் கடலிலிருந்து தள்ளிக் கட்டிய குடியிருப்புகளுக்கு மாறினர். தொழிலுக்கு இன்னும் இதே கரைக்குத்தான் வருகிறார்கள். மரபுப் பாதுகாப்புத் திட்டம் எதுவானாலும் வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் அவர்களுக்கு இங்கே இடம் விட்டாக வேண்டும்.