கொங்கு நாட்டில் அவசரநிலைக் கதிரியல்

அவசரநிலைக் கதிரியல் என்பது விபத்து, பக்கவாதம், கடும் வயிற்றுவலி போன்ற திடீர் நிலைகளில் வரும் நோயாளிகளின் உடலின் உட்பகுதியைப் படமெடுத்து, அப்படம் காட்டுவதைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்கு உடனே தெரிவிக்கும் மருத்துவத் துறை ஆகும். கோயம்புத்தூரை நடுவமாகக் கொண்ட கொங்கு நாட்டில், நெடுஞ்சாலை விபத்துகளின் காரணமாக இத்துறை முதன்மை பெறுகின்றது. இதன் தரம் கருவியை மட்டும் பொறுத்ததன்று. படமெடுக்க ஆகும் நேரம், படத்தைப் படிப்பவரின் பயிற்சி, முடிவு உரியவரைச் சென்றடைதல் ஆகிய மூன்றையும் பொறுத்ததாகும்.

வரலாறு

நவம்பர் 8, 1895 இல் செருமானிய இயற்பியலாளர் வில்லெம் ரோண்ட்கன் எக்சு கதிர்களைக் கண்டறிந்தார். தமிழகத்தில், சென்னை அரசுப் பொது மருத்துவமனையைச் சேர்ந்த பர்னார்டு கதிரியல் நிலையம் 1934 இல் தொடங்கப்பட்டது. அக்டோபர் 1, 1971 இல் இலண்டனில் முதன்முறையாக ஒரு நோயாளிக்குச் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. மண்டையோட்டைத் திறக்காமலேயே மூளையில் ஏற்படும் குருதிக்கசிவைக் காண இது வழிசெய்தது. இதற்காகக் கோட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு, ஆலன் கோர்மாக் இருவரும் 1979 இல் நோபல் பரிசு பெற்றனர். அமெரிக்க அவசரநிலைக் கதிரியல் கழகம் 1988 இல் அமைக்கப்பட்டது.

கொங்கு நாட்டின் சூழல்

சேலத்தையும் கொச்சியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 544 பெருந்துறை, அவிநாசி, கோயம்புத்தூர் வழியாகச் செல்கின்றது. பெப்ரவரி 20, 2020 அன்று அதிகாலையில் அவிநாசிக்கு அருகே கேரள அரசுப் பேருந்தின் மீது சரக்குப்பெட்டக லாரி மோதியதில் 19 பேர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்துகளில் பலர் ஒரே நேரத்தில் காயமுறுகின்றனர். ஆகவே யாருக்கு முதலில் படமெடுப்பது என்பதைக் காயத்தின் கடுமையைக் கொண்டே முடிவு செய்யவேண்டும்.

மலைப்பகுதிகளில் சிக்கல் வேறு வகையானது. ஆழியாறுக்கும் வால்பாறைக்கும் இடையே மட்டும் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இங்கிருந்து நோயாளியைச் சமவெளிக்குக் கொண்டுவருவதற்கே நெடுநேரம் ஆகின்றது.

கோயம்புத்தூர் மருத்துவக் கல்லூரி 1966 இல் தொடங்கப்பட்டது. எலும்பு முறிவு, ஒட்டுறுப்பு அறுவை ஆகியவற்றுக்குப் பெயர்பெற்ற கங்கா மருத்துவமனை 1978 இல் நிறுவப்பட்டது. சனவரி 2022 இல் திருப்பூர், நாமக்கல், நீலகிரி மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. 108 அவசர ஊர்திச் சேவை தமிழகத்தில் 2008 இல் தொடங்கியது. டிசம்பர் 18, 2021 இல் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குகின்றது.

தரத்தின் கூறுகள்

* '''தேர்வு:''' குருதி அழுத்தம் வீழ்ந்த நோயாளியை ஸ்கேன் அறைக்குக் கொண்டுசெல்வது ஆபத்தானது. படுக்கையருகிலேயே மீயொலிக் கருவி கொண்டு கல்லீரல், மண்ணீரல், இடுப்புக்குழி, இதய உறை ஆகிய இடங்களில் குருதி தேங்கியுள்ளதா எனச் சில நிமிடங்களில் அறியலாம்.
* '''நேரம்:''' கடுமையான தலைக்காய அறிகுறிகள் இருப்பின் ஒரு மணிநேரத்துக்குள் சி.டி. எடுக்கவும், எடுத்த ஒரு மணிநேரத்துக்குள் முதற்கட்ட அறிக்கை வழங்கவும் பிரித்தானிய வழிகாட்டுதல் கூறுகின்றது. பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணிநேரத்துக்குள் கொடுக்கவேண்டும். மூளையில் குருதிக்கசிவு இல்லை என ஸ்கேன் காட்டிய பின்னரே அதனைக் கொடுக்க இயலும்.
* '''தெரிவித்தல்:''' உயிருக்கு ஆபத்தான கண்டறிதலைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் நேரிலோ தொலைபேசியிலோ கூறி, கூறிய நேரத்தையும் கேட்டவர் பெயரையும் பதிவு செய்தல் வேண்டும்.

தவறும் காயங்கள்

ஒரு முறிவைக் கண்டவுடன் தேடலை நிறுத்திவிடுவது கதிரியலில் நன்கு அறியப்பட்ட பிழையாகும். தொடை எலும்பு முறிவில் கவனம் செல்ல, கழுத்தெலும்புக் காயமோ பாத எலும்பு முறிவோ விடுபட்டுப் போகலாம். இரவில் பயிற்சி மருத்துவர் தந்த முதற்கட்ட அறிக்கையைக் காலையில் மூத்த கதிரியலாளர் மீண்டும் படிப்பதும், ஏறத்தாழ 24 மணிநேரத்துக்குள் நோயாளியைத் தலை முதல் கால் வரை மறுபடியும் சோதிப்பதும் இப்பிழையைக் குறைக்கும். இரு அறிக்கைகளும் வேறுபட்டால் நோயாளியை உடனே தேடிச் சொல்லவேண்டும். இல்லையெனில் மறுவாசிப்பால் பயனில்லை.

இடமாற்றமும் கதிர்வீச்சும்

வட்ட மருத்துவமனையிலிருந்து கோயம்புத்தூருக்கு அனுப்பப்படும் நோயாளியுடன் படங்களும் வந்து சேரவேண்டும். அறிக்கைத் தாள் மட்டும் வந்தால் ஸ்கேனை மீண்டும் எடுக்க நேரிடுகின்றது. இதனால் நேரம் வீணாவதுடன் கதிர்வீச்சும் இரட்டிக்கின்றது. ஒரு மார்பு எக்சு கதிர்ப் படத்தில் ஏறத்தாழ 0.1 மில்லிசீவர்ட் கதிர்வீச்சும், ஒரு தலைச் சி.டி. ஸ்கேனில் ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட் கதிர்வீச்சும் உடலை அடைகின்றன. படங்களைக் கணினி வலையமைப்பு வழியே அனுப்பினால், நோயாளி வந்து சேருமுன்னரே அறுவை அரங்கை ஆயத்தம் செய்யலாம்.

இந்தியாவில் எக்சு கதிர்க் கருவிகளை 1983 இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கண்காணிக்கின்றது. மீயொலிக் கருவிகள், கருவின் பாலினத்தை அறிவதைத் தடைசெய்யும் 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்படவேண்டும்.

தர அளவீடு

திறந்த எலும்பு முறிவுகளில் தோல், எலும்பு, தசை ஆகியவற்றின் சேதத்தைத் தனித்தனியே மதிப்பிடும் மதிப்பெண் முறையைக் கங்கா மருத்துவமனை மருத்துவர்கள் 2006 இல் வெளியிட்டனர். காயத்தை அளந்தது போலவே சேவையையும் அளக்க இயலும். நோயாளி வந்த நேரம், படமெடுத்த நேரம், அறிக்கை தந்த நேரம், மருத்துவரிடம் தெரிவித்த நேரம் ஆகிய நான்கையும் குறித்துவந்தால், தாமதம் எந்த இடத்தில் ஏற்படுகின்றது என்பது தெரியவரும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.

இவற்றையும் பார்க்க

* எக்சு கதிர்
* மீயொலி நோட்டம்
* பக்கவாதம்
* கொங்கு நாடு