விடுமுறை நாளில் வந்த வெண்புயல்

அமைதித் திருநாள்! பீரங்கிகள் வாயடைத்து, முதல் உலகப்போர் முடிவுற்ற 1918 நவம்பர் 11-ஐ நினைவுகூர அமெரிக்க நாடு வகுத்துக்கொண்ட நாள் அது. 1938-இல் அதனைச் சட்டப்படி விடுமுறையாகவும் ஆக்கினர். 1940-ஆம் ஆண்டிலே அந்நாள் திங்கட்கிழமையாக வந்து வாய்த்தது. ஞாயிற்றோடு சேர்ந்த ஓய்வு! கேட்க வேண்டுமா களிப்புக்கு? ஐரோப்பாவிலே மீண்டும் குண்டுமழை. அமெரிக்காவின் நடுநிலத்திலோ இளவெயில். மினசோட்டா, விஸ்கான்சின், அயோவா மாநிலங்களிலே நவம்பரில் காணக்கிடைக்காத கதகதப்பு, சில இடங்களில் 60 பாகை ஃபாரன்ஹீட்டை ஒட்டி! கம்பளி மேலங்கியை வீட்டிலேயே விட்டுவிட்டு உற்றார் ஊர்களுக்குப் புறப்பட்டனர் சிலர். துப்பாக்கியும் கையுமாக மிசிசிப்பி ஆற்றின் தீவுத் திட்டுகளுக்குப் படகேறினர், வாத்து வேட்டைக்காரர் பலர்.

முன்னறிவிப்பு என்ன கூறிற்று? குளிர் கூடும், சிறிது பனி தூவலாம். அவ்வளவே!

பகல் ஏற ஏற மழை வந்தது. மழை பனிக்கட்டியாக மாறிற்று. பின்னர் கண்மறைக்கும் வெண்பனி. மணிக்கு 50 மைலுக்கு மேல் சீறியது காற்று. ஒரே நாளில் 50 பாகை சரிந்தது வெப்பநிலை. நம் நாட்டிலே பனி என்றால், மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளி. கவிஞர் முத்து என்பார், தாய்மார் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பார்கள், அதோடு சரி. அங்கே அது கூரையளவு குவிந்து, கதவை அடைத்து, வண்டியைப் புதைத்து, வழியை விழுங்கும் பொருள். மினசோட்டாவின் காலேஜ்வில் என்னும் ஊரிலே 26 அங்குலத்துக்கு மேல் பொழிந்தது. காற்று வாரிக் குவித்த மேடுகள் 20 அடிவரை எழுந்தன. நெடுஞ்சாலைகளில் மோட்டார்கள் நின்ற இடத்திலேயே மூடுண்டன. வாட்கின்ஸ் என்ற ஊரருகே, எதிரே வருவது தெரியாமல் இரு இரயில் வண்டிகள் மோதிக்கொண்டன, இருவர் மாண்டனர்.

வேட்டைக்காரர் கதை இன்னும் கொடிது. புயலுக்கு அஞ்சி வடக்கிலிருந்து கூட்டங்கூட்டமாகப் பறந்து வந்தன வாத்துகள். வானம் கறுக்கக் கறுக்கப் பறவைகள் பெருகின. பெருகப் பெருக, வேட்டையார்க்குத் திரும்பும் எண்ணமே மறந்தது. பறவை எதற்கு ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. பிறகு ஆற்றிலே அலை எழுந்தது. படகு செலுத்த இயலவில்லை. கவிழ்த்த படகின் கீழே ஒடுங்கியும், ஒருவரையொருவர் குத்தி, உலுக்கி, உறங்கவிடாமல் காத்தும் இரவைக் கழித்தவர்கள் பிழைத்தனர். நனைந்த சட்டையோடு அயர்ந்தவர்கள் விறைத்துப் போயினர். மறுநாள் வினோனா நகரத்து விமானி மேக்ஸ் கான்ராட், காற்று அடங்காத வானிலே சிறு விமானமொன்றை ஓட்டிச் சென்று, தீவுகளில் சிக்கியோரைத் தேடி, உணவும் தீக்குச்சியும் அடைத்த தகரப் பெட்டிகளை வீசினார். மினசோட்டாவில் மட்டும் 49 பேர் இறந்தனர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் வேட்டைக்காரர். மிச்சிகன் ஏரியிலே கப்பல்கள் மூழ்கி 66 பேர் மாண்டனர். மொத்தச் சாவு 150 அளவில் என்பர்.

இதிலே வஞ்சகம் எது? அந்தக் காலை வெயில்தான்! வடமேற்கு அமெரிக்கக் கரையேறி, டக்கோமா நீரிணைப் பாலத்தை நவம்பர் 7-ஆம் நாள் முறுக்கி முறித்த அதே காற்றழுத்தத் தாழ்வுதான் மலைகளைக் கடந்து நடுநிலத்துக்கு வந்தது. திறந்து நான்கே திங்களான பாலம் அது! தாழ்வு தன் கிழக்குப் பக்கத்திலே மெக்சிகோ வளைகுடாவின் வெதுவெதுப்பான ஈரக்காற்றை வடக்கே இழுத்தது. மேற்குப் பக்கத்திலே துருவக் குளிர்க்காற்றைத் தெற்கே தள்ளியது. மக்கள் மகிழ்ந்து வரவேற்ற கதகதப்பு, புயலின் முன்பாதி. பின்பாதி பிற்பகலில் வந்தது.

இதை அறிந்து சொல்ல ஒருவரும் இல்லையா? இருந்தனர், சிகாகோவிலே! பல மாநிலங்களுக்கும் அந்த ஓர் அலுவலகமே முன்னறிவிப்பு எழுதி அனுப்பியது. இரவிலே அங்கு விழித்திருந்து பணிபுரிய ஆளில்லை. மாலையில் எழுதிய தாள் காலைவரை செல்லும். இடையிலே தாழ்வு ஆழ்ந்து வலுத்துக்கொண்டிருந்தது. அலுவலகம் உறங்கிற்று, புயல் உறங்கவில்லை. பின்னர் எழுந்த கண்டனத்தின் பயனாக, இரவும் பகலும் பணி என்றாயிற்று. மினசோட்டாவின் இரட்டை நகரங்களுக்கே தம் பகுதிக்கு முன்னறிவிப்பு எழுதும் உரிமையும் வந்தது. எங்கோ தொலைவிலிருந்து எல்லோருக்கும் எழுதிய ஓலை எவருக்கும் உதவாது என்பதை உணர, இத்தனை பிணங்கள் தேவைப்பட்டன!

“பார்த்தீரா, உங்கள் விஞ்ஞானத்தின் இலட்சணத்தை!” என்று கைகொட்டும் கூட்டம் எந்நாட்டிலும் உண்டு. நம் பஞ்சாங்கக்காரர் இந்த ஆண்டு இத்தனை மரக்கால் மழை என்று எழுதுகிறாரே, அவருக்கு அமெரிக்காவிலும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். 1792-இல் இராபர்ட் தாமஸ் என்பவர் தொடங்கிய ‘பழைய உழவர் பஞ்சாங்கம்’ அது. ஓராண்டு வானிலையை முன்கூட்டியே அச்சிட்டு விற்கும் ஏடு! கணிக்கும் சூத்திரமோ, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து டப்ளின் ஊரிலே கருப்புப் பெட்டிக்குள் பூட்டப்பட்டிருக்கிறதாம். நூற்றுக்கு எண்பது பலிக்கும் என்பது அவர்கள் கூற்று. ஆய்ந்து பார்த்த வானிலை அறிஞரோ, காசைச் சுண்டிப் பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு காணவில்லை. 1938-இல் அதன் ஆசிரியர் ரோஜர் ஸ்கேஃப் துணிந்து ஒரு காரியம் செய்தார். ஆரூடத்தை எடுத்துவிட்டு, பல்லாண்டுகளின் சராசரி வெப்பத்தையும் மழையையும் அச்சிட்டார். நேர்மையான செயல். விளைவு? வாசகர் கொதித்தெழுந்தனர், மறு ஆண்டே ஆரூடம் திரும்பி வந்தது. ஆதாரத்தைத் தந்தான், அடித்து விரட்டினர். ஆருடத்தைத் தந்தான், ஆலத்தி எடுத்தனர்! கற்றறிந்த நாடு, தோழர்களே, கட்டடங்கள் விண்ணை முட்டும் நாடு!

சிகாகோ அலுவலகம் செய்தது பிழை. ஆனால் அது பிழை என்று மறுநாளே எவரும் சுட்டிக்காட்ட முடிந்தது. ஏனெனில் அது நாள் குறித்து, இடம் குறித்துச் சொன்னது. பூட்டிய பெட்டியை எப்படிக் குறைசொல்வது?

அந்தச் சமவெளிக்கு இந்த ஏமாற்றம் புதிதுமன்று. 1888 ஜனவரி 12-ஆம் நாளும் இப்படித்தான் இதமாக விடிந்தது. அன்று விடுமுறையில்லை, பள்ளி நாள். வானிலை கூறும் பணி அக்காலத்தில் இராணுவத்தின் சமிக்ஞைப் படையிடம் இருந்தது. செயிண்ட் பால் அலுவலகம் குளிரலை எச்சரிக்கையைத் தந்தியில் விடுத்தது. தந்தி எட்டியது இரயில் நிலையங்கள்வரை. புல்வெளி நடுவே ஒற்றை அறையில் நடந்த பள்ளிகளுக்கு யார் போய்ச் சொல்வது? ஏறத்தாழ 235 பேர் மாண்டனர். பள்ளியிலிருந்து வீடு திரும்பிய சிறுவர் சிறுமியர் அவருள் பலர். நெபிராஸ்காவிலே மின்னி ஃப்ரீமன் என்ற இளம் ஆசிரியை, பள்ளியின் கூரையைக் காற்று பிய்த்தெறிந்ததும், தன் மாணவர் அனைவரையும் பண்ணை வீடொன்றுக்கு உயிரோடு நடத்திச் சென்றார். நாள்தோறும் வகுப்பறையில் நிற்பவன் என்பதால் இந்த நிகழ்ச்சியில் என் நெஞ்சம் சற்று அதிகமாகவே நிற்கிறது. பிள்ளைகளை இருத்துவதா, அனுப்புவதா? அந்த முடிவை அன்று ஒவ்வோர் ஆசிரியரும் தனியே எடுக்க நேர்ந்தது, கையில் எந்தச் செய்தியும் இல்லாமல்.

1947-இல் நியூயார்க். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், டிசம்பர் 26. எதிர்பாராத பனி விடியுமுன் தொடங்கிற்று. பெருங்காற்றில்லை, ஓசையில்லை, ஓய்வுமில்லை. 26.4 அங்குலம்! விருந்துண்டு திரும்பியோரை இரயில்களிலேயே சிறைவைத்தது. 77 பேர் இறந்தனர். கடலோரமாக எழுந்து வரும் புயலைக் காணக் கடல்மேல் கண்ணில்லை அன்று; வானிலைச் செயற்கைக்கோள் முதன்முதல் ஏறியது 1960 ஏப்ரலிலேதான்.

இந்த இருளிலே விளக்கேற்ற முயன்றவருள் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயரை நம் இளைஞர் அறிந்திருக்க வேண்டும். போரை வெறுத்தவர்; முதல் உலகப்போரிலே துப்பாக்கி ஏந்தாமல், பிரான்சில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டி ஓட்டினார். ஓய்வு கிடைத்த வேளைகளில், காற்றின் இயக்கச் சமன்பாடுகளைக் கொண்டு ஆறு மணி நேர வானிலையைக் கையாலேயே கணக்கிட்டார். இடையில் கையெழுத்துப் படி தொலைந்தது. திங்கள் பல கழித்துப் பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலின் அடியில் கிடைத்தது. விடை என்ன? காற்றழுத்தம் ஆறு மணி நேரத்தில் 145 மில்லிபார் உயரும் என்று வந்தது! உண்மையிலோ அன்று அது அசையவே இல்லை எனலாம். இத்தகைய படுதோல்வியை வேறொருவர் எரித்திருப்பார். அவர் 1922-இல் நூலாகவே வெளியிட்டார்: முறை இது, கணக்கு இது, விடை தவறு இது. உலக வானிலையை உடனுக்குடன் கணக்கிட 64,000 கணக்கர் வேண்டும் என்றும் எழுதிவைத்தார்.

அந்த நூலைப் படித்தோர் அவர் இடறிய கல்லைக் கண்டறிந்தனர். 1950-இல் சார்னி, ஃப்யோர்டோஃப்ட், வான் நியூமன் ஆகியோர் எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறியில் அதே பணியைச் செய்தபோது, 24 மணி நேர வானிலையைக் கணக்கிட ஏறத்தாழ 24 மணி நேரமே பிடித்தது. நாளையைக் கணக்கிட்டு முடிப்பதற்குள் நாளை வந்துவிட்டது! நகைக்கலாம், ஆனால் நடை தொடங்கிவிட்டது. பின்னர் செயற்கைக்கோள், ரேடார், விரைவுக் கணிப்பொறிகள் என்று வளர்ந்த கதை நீங்கள் அறிந்ததே.

இனி 2022-க்கு வருவோம். மீண்டும் கிறிஸ்துமஸ், மீண்டும் பனிப்புயல். இம்முறை நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரம். முன்னறிவிப்பு தவறியதா? இல்லை! நாட்கணக்கில் முன்னதாகவே, ஒரு தலைமுறையில் ஒருமுறை வரத்தக்க புயல் என்று வானிலை அலுவலகம் எச்சரித்தது. சொன்ன நாளில் வந்தது, சொன்னதுபோலவே வந்தது. ஆயினும் அந்நகரிலும் சுற்றுப்புறத்திலும் 47 பேர் இறந்தனர். எரி மாவட்டத்தார் சாலைப் போக்குவரத்தைத் தடைசெய்தது டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு. அதற்குள் தொழிலாளர் வேலைக்குப் போய்விட்டிருந்தனர். முந்தின இரவே தடை வந்திருந்தால், வராதவனுக்குக் கூலி கிடையாது என்று சொல்லும் முதலாளிக்கு வாயடைத்திருக்கும்.

அதே நாட்களில் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் 16,000-க்கும் மேற்பட்ட பறப்புகளை நீக்கியது. மற்ற நிறுவனங்கள் ஓரிரு நாளில் எழுந்து நின்றன. இதன் பழைய ஏற்பாடுகளுக்கோ எந்த விமானி எந்த ஊரில் நிற்கிறார் என்பதைக் கண்டு கோக்கவே இயலவில்லை. இருபது இலட்சம் பயணிகள் பெட்டியும் பிள்ளையுமாகத் தவித்தனர். ஓராண்டு கழித்து அரசு விதித்த தண்டம் 14 கோடி டாலர்.

பஃபலோ நகருக்குள் இறந்தோர் பட்டியலையும் ஆய்ந்தனர். நகர மக்களுள் கருப்பினத்தார் மூன்றில் ஒரு பங்கு அளவினர். இறந்தவருள் பெரும்பாலோர் அவர்கள்.