தனி ஆளுக்கு ரூம் கிடையாது

2012 பொங்கல் லீவு. வடபழனியிலிருந்து ஹம்பி வரைக்கும் சைக்கிள்ல, தனியா. மெட்ரோ தூணுக்காக நூறடி ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த சமயம் அது. விடிகாலை நாலரைக்கு பள்ளத்துக்குப் பள்ளம் இறக்கி ஏத்தி ஆற்காடு சாலையைப் பிடிச்சேன். வளசரவாக்கம், போரூர், பூந்தமல்லி. அதுக்கப்புறம் நேர் ரோடு. ரெண்டு பஞ்சர், நாலு டீ, ஒரு நீண்ட மத்தியானத் தூக்கம் எல்லாம் போக, வேலூர் போய்ச் சேர சாயங்காலம் ஆறரை. சுமார் 130 கிலோமீட்டர். தொடை ரெண்டும் என்னோடதான்னு சந்தேகம் வந்திருந்தது.

சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிர்த்த சந்துகளைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். வரிசையா லாட்ஜ், பாதி போர்டு பெங்காலியில இருக்கும். இத்தனை லாட்ஜ் இருக்கே, முந்நூறு ரூபாய்க்கு ஒரு கட்டில் கிடைக்காதா?

முதல் லாட்ஜ்ல என்னைப் பார்த்தாரு, சைக்கிளைப் பார்த்தாரு. "எத்தனை பேரு?"

"நான் மட்டும்தாங்க."

"ரூம் இல்லீங்க."

பின்னாடி சாவிப் பலகையில பத்துப் பன்னெண்டு சாவி தொங்குது. ரெண்டாவது லாட்ஜ்லயும் அதே கேள்வி, அதே பதில். மூணாவது இடத்துல இருந்த பெரியவர் மட்டும் காரணம் சொன்னாரு. "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. தனி ஆளுக்குக் குடுக்கறதில்ல. போன வருசம் ஒருத்தர் வந்தாரு, உங்க வயசுதான் இருக்கும். மூணு நாள் நான் போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஜி.எச்.சுக்கும் அலைஞ்சேன்." அதுக்கு மேல அவர் சொல்லல, நானும் கேக்கல.

ஆனா அனுப்பியும் விடல. வீட்டு நம்பர் கேட்டு வாங்கி, என் முன்னாடியே போன் போட்டாரு. "அம்மா, உங்க வீட்டுக்காரர் இங்க வேலூர்ல சைக்கிள்ல வந்து நிக்கிறாரு. வீட்ல ஏதும் பிரச்சினை இல்லியே?"

"பிரச்சினையே அந்த சைக்கிள்தாங்க" அப்படீன்னாங்க வீட்டம்மா. ரூம் கிடைச்சது. கவுண்டருக்குப் பக்கத்து ரூம். ராத்திரி பத்து மணிக்கும் பன்னெண்டு மணிக்கும் கதவைத் தட்டி "தண்ணி வேணுமா தம்பி?"ன்னு கேட்டாரு. ரெண்டு தடவையும் தண்ணிக்காகக் கேட்கலைன்னு எனக்குத் தெரியும்.

அன்னிக்கு ராத்திரி தோணின கேள்விதான் இது. நமக்கு முன்னாடி இந்தியாவை சைக்கிள்ல தனியா சுத்தினவங்க எல்லாம் ராத்திரி எங்கே படுத்தாங்க? சைக்கிள் பயணம் பத்திப் பேசினாலே எத்தனை மைல், என்ன வண்டி, எத்தனை கியர்னுதான் போகும். ஆனா மிதிக்கிறவனுக்கு மத்தியானம் மூணு மணிக்கு மேல மண்டையில ஓடறது ஒரே ஒரு விஷயம்தான். இன்னிக்கு எங்கே படுக்கிறது?

சைக்கிள்லயே முதல்ல உலகத்தைச் சுத்தினவர்னு பேர் வாங்கினவர் தாமஸ் ஸ்டீவன்ஸ். பிறப்பு இங்கிலாந்து, பிழைப்பு அமெரிக்கா. 1884 ஏப்ரல்ல சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி, 1886 டிசம்பர்ல ஜப்பானின் யோகஹாமாவில் முடிச்சாரு. வண்டி, பழைய படங்கள்ல பார்ப்போமே, முன்னாடி ஆளுயரச் சக்கரம், பின்னாடி குட்டிச் சக்கரம், அது. முன் சக்கரம் 50 அங்குலம். மாத்துச் சட்டை ஒண்ணு, காலுறை, ஒரு ரிவால்வர், ஒரு மழைக்கோட்டு. அந்தக் கோட்டுதான் கூடாரம், அதுதான் படுக்கையும். ஆப்கானிஸ்தான் வழியா வர விடாம திருப்பி அனுப்பிட்டதால, சுத்தி வளைச்சுக் கப்பல்ல கராச்சி வந்து, ரயில்ல லாகூர் போய், அங்கிருந்து கிராண்ட் டிரங்க் ரோட்டைப் பிடிச்சு டெல்லி, ஆக்ரா, காசி வழியா கல்கத்தா வரைக்கும் மிதிச்சாரு. 1886ஓட மழைக்காலப் புழுக்கத்துல.

பாதி உலகத்துல மழைக்கோட்டுக்குள்ள சுருண்டு படுத்த மனுசனுக்கு இந்தியாவில அந்தக் கவலையே இல்லை. காரணம், டாக் பங்களா. தபால் போற ரோடுகள்ல பத்துப் பதினைஞ்சு மைலுக்கு ஒண்ணுன்னு சர்க்கார் கட்டி வச்சிருந்தது. காவலுக்கு ஒரு சௌக்கிதார், சமைக்க ஒரு கான்சாமா, விசிறி இழுக்க ஒரு ஆள். வாடகை நாளுக்கு ஒரு ரூபாய். முன்கூட்டி எழுதிப் போட வேண்டியதில்லை. யார் முதல்ல வந்தாலும் இடம், ஆனா 24 மணி நேரம் ஆயிட்டா அடுத்து வர்றவருக்கு விட்டுக்கொடுக்கணும். விருந்தாளி தலை தெரிஞ்சதும் கான்சாமா கொல்லைப்புறத்துல கோழியைத் துரத்த ஆரம்பிப்பாராம். அரை மணியில அது மேஜைக்கு வந்துடும். வெள்ளைக்காரங்க அந்த ஐட்டத்துக்கு வச்ச பேரு 'திடீர் மரணம்'. நம்மூர்ல இதே பங்களாவுக்கு டிராவலர்ஸ் பங்களான்னு பேரு. பெரியவங்க 'டி.பி.'ம்பாங்க. இப்போ 'பயணியர் விடுதி'ன்னு போர்டு மாட்டி, பூட்டித் தொங்கிக்கிட்டிருக்கிறதை எத்தனையோ ஊர்ல பார்த்திருக்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தா, ஸ்டீவன்ஸோட இந்திய நாள் இப்படி: விடியறதுக்கு முன்னாடி கிளம்பறது, வெயில் ஏறினதும் ஒரு பங்களாவில ஒதுங்கறது, சாயங்காலம் மறுபடி மிதிக்கிறது, அடுத்த பங்களாவில சாப்பாடு, விசிறி, தூக்கம். தனியாத்தான் போனாரு, இல்லேங்கல. ஆனா அந்தத் தனிமைக்குப் பின்னாடி ஒரு சாம்ராஜ்யமே கயிறு இழுத்துக்கிட்டு இருந்தது. கயிறு இழுத்தவன் எங்கே படுத்தான்னா, வராந்தாவில.

பத்து வருசம் கழிச்சு வந்தவங்க வொர்க்மன் தம்பதி, அமெரிக்கர்கள். தனி ஆள் கணக்குல வராது, ஆனாலும் நம்ம பக்கம் மிதிச்சவங்கங்கறதால சேர்த்துக்கறேன். 1897 கடைசியில கிளம்பினாங்க. ஃபேனி அம்மாவுக்கு 38 வயசு, டாக்டர் ஐயாவுக்கு 50. இலங்கையைப் பார்த்துட்டு, இந்தியாவோட தென்கோடியிலிருந்து இமயமலை அடிவாரம் வரைக்கும் போனாங்க. 1904ல புத்தகமாவும் வந்தது. மூட்டையில டீத்தூள், சர்க்கரை, பிஸ்கட், பாலாடைக்கட்டி, டப்பா மாமிசம், தலைகாணி, ஆளுக்கொரு கம்பளி, மருந்து, பஞ்சர் சாமான். சோறு கிடைக்கணுமேன்னு ரயில் பாதையை ஒட்டின ரோடாப் பார்த்துப் போயிருக்காங்க. பங்களா இல்லாத ராத்திரிகள்ல ஸ்டேஷன் வெயிட்டிங் ரூம். எலியும் கொசுவும் ஓசி. சில நாள்ல நாப்பது பஞ்சர் வரைக்கும் ஒட்டியிருக்காங்க! ஸ்டீவன்ஸுக்கு அந்தத் தொல்லை இருந்திருக்காது, அவரோடது கட்டி ரப்பர் டயர். காத்தடிக்கிற டயரை டன்லப் கொண்டு வந்ததே 1888லதான். ரோட்டோர கருவேல முள் எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை குத்தினதுக்கே நான் அழுதேன் :)

சரி, வெள்ளைக்காரங்களுக்கு பங்களா. நம்மாளுக்கு?

நம்மாளுக்குச் சத்திரம். நான் போன ரோட்டுலயே ரெண்டு பேர் இருக்கு பாருங்க. ஸ்ரீபெரும்புதூர் தாண்டினா சுங்குவார்சத்திரம். காஞ்சிபுரம் பக்கம் தாண்டினா பாலுசெட்டிசத்திரம். ரெண்டுக்கும் நடுவுல தோராயமா ஒரு நாள் மாட்டு வண்டி தூரம். இன்னிக்கு சுங்குவார்சத்திரம்னா ஃபேக்டரி பஸ்ஸும் ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற கூட்டமும்தான் ஞாபகம் வரும். சத்திரம் பேர்ல மட்டும்தான். தஞ்சாவூர்ப் பக்கம் மராட்டிய ராஜாக்கள் ராமேஸ்வரம் போற பாதையில வரிசையாவே கட்டினாங்க. ஒரத்தநாட்டுல சரபோஜி கட்டின முத்தாம்பாள் சத்திரம் இன்னும் நிக்குது.

ஆனா சத்திரம்னதும் ஏதோ பொற்காலம்னு நினைச்சுடக் கூடாது. டாக் பங்களாவில தோலைப் பார்த்தாங்கன்னா, பல சத்திரங்கள்ல வாசல்லயே கேக்கற கேள்வி வேற. "நீங்க என்ன ஆளுங்க?" 1904ல காசிக்குப் போன ஈ.வெ.ரா., பிராமணர் இல்லைங்கறதால சத்திரத்துச் சாப்பாடு மறுக்கப்பட்டு, பசியோட தெருவில நின்ன கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். தனியா வந்தவனுக்குச் சாதிதான் அடையாள அட்டை. அது சரியில்லேன்னா திண்ணைகூடக் கிடைக்காது. நம்ம ஊர்ல தனி ஆள் பயணக் கதை ஏன் இவ்வளவு கம்மின்னு யோசிக்கிறவங்க, ரோட்டை விட்டுட்டு இந்த வாசல்படியைப் பார்க்கணும்.

அதையும் தாண்டிப் போனவங்க உண்டு. ராம்நாத் பிஸ்வாஸ்னு ஒரு பெங்காலி. சில்ஹெட்டுக்காரர். 1931 ஜூலையில சிங்கப்பூர்லேருந்து தனியா கிளம்பினாரு. ரெண்டு போர்வை, ஒரு ஜோடி செருப்பு, ரிப்பேர் பெட்டி. சீனா, ஜப்பான்னு ஒரு சுத்து, பிறகு ஆப்கானிஸ்தான் வழியா ஐரோப்பாவுக்கு ஒரு சுத்து, அப்புறம் ஆப்பிரிக்கா, அமெரிக்கா. பெங்காலியில முப்பது புத்தகத்துக்கு மேல எழுதியிருக்காரு. தமிழ்ல அவரைப் பத்தி எழுத ஆள் இல்லைங்கறது என் வருத்தம்.

நம்ம கிராமத்துக்காரங்க இந்தப் படுக்கைப் பிரச்சினைக்கு ஒரு அசாத்தியத் தீர்வு கண்டுபிடிச்சு வச்சிருந்தாங்க. ஏழு நாள் சைக்கிள்! மைதானத்துல கம்பம் நட்டு, டியூப் லைட் கட்டி, ரிக்கார்டு போட்டு, ஒருத்தர் ராத்திரி பகலா சுத்திச் சுத்தி வருவாரு. குளியல், சாப்பாடு, சவரம் எல்லாம் சைக்கிள் மேலேயே. இறங்கவே மாட்டாரு. எங்க அப்பா ஊர்ல சின்ன வயசுல ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து போய் எட்டிப் பார்த்திருக்கேன். பாட்டை நிறுத்திட்டாங்க, கூட்டமும் இல்லை. அவர் மட்டும் கண்ணை மூடினாப்பல மெதுவா சுத்திக்கிட்டிருந்தாரு. ஊர் ஊரா போறவர், எந்த ஊர்லயும் ஒரு மைதானத்தைத் தாண்டிப் போகாதவர். இந்திய சைக்கிள் பயண வரலாறு எழுதினா அவருக்கு ஒரு அத்தியாயம் கண்டிப்பா குடுக்கணும்.

என் மத்த ராத்திரிகள்: கிருஷ்ணகிரி தாண்டி ஒரு தாபா. சாப்பிட்டா கயித்துக் கட்டில் இலவசம், லாரிக்காரங்களுக்கு உள்ள வழக்கம் அது. சைக்கிளைப் பார்த்துட்டு எனக்கும் நீட்டிட்டாங்க. "கம்பெனி எவ்ளோ குடுக்குது?"ன்னு ஒரு டிரைவர் கேட்டாரு. யாரும் குடுக்கல, நானாத்தான் போறேன்னதும் ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, கம்பளியைத் தூக்கி என் மேல போட்டாரு. பெங்களூர்ல சொந்தக்காரங்க வீடு. சித்ரதுர்கா தாண்டி ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத நாள், வாட்ச்மேன் தயவு. யாருமே ஆதாயத்துக்காக இடம் குடுக்கல. அதே சமயம், கேள்வி கேக்காமலும் குடுக்கல.

இதையெல்லாம் ஆம்பளையா இருந்து சொல்றேன். 1963ல அயர்லாந்துலேருந்து டெல்லி வரைக்கும் தனியா மிதிச்சு வந்த டெர்வ்லா மர்ஃபி, கைத்துப்பாக்கியோடதான் கிளம்பினாங்க. வண்டிக்கு 'ரோஸ்'னு பேரு. ஆசியா ரோட்டுக்குத் தாங்காதுன்னு கியரைக் கழட்டிட்டு வந்தவங்க. என் ஆபீஸ்ல சைக்கிள் ஓட்டற ஒரு பொண்ணு பாண்டிச்சேரிக்குத் தனியா போனப்போ, போன் போட்ட நாலு இடத்துலயும் முதல் கேள்வி "கூட யாரு வர்றாங்க?" அவ காலையில போய் ராத்திரிக்குள்ள பஸ்ல சைக்கிளை ஏத்திக்கிட்டுத் திரும்பிட்டா. போக வர முந்நூறு கிலோமீட்டர் ஓட்டற கால் இருக்கு, நடுவுல படுக்க இடம் இல்லை. வெளிநாட்டுக்காரங்களுக்கு இன்னொரு தொல்லை, அவங்க பேர்ல அனுப்ப வேண்டிய ஃபாரம். அதை நிரப்பி அனுப்பற வேலைக்குப் பயந்தே சின்ன லாட்ஜ்கள்ல "ஃபுல்"ன்னுடுவாங்க. ஸ்டீவன்ஸ் இன்னிக்கு வந்திருந்தா மழைக்கோட்டைத்தான் விரிக்கணும்.

கடைசியா ஒண்ணு, இதைச் சொல்லாம விட்டா நான் யோக்கியன் இல்லை. சில வருசம் முன்னாடி ஒரு சாயங்காலம், வடபழனி கோயில் தெருவில ஒரு பையன். மராட்டியம்னு நினைக்கிறேன், ஹிந்தியும் சுமார்தான். சைக்கிள் முன்னாடி 'பாரத யாத்திரை'ன்னு போர்டு, பின்னாடி மூட்டை. ஊர் ஊரா ஆபீசர்கள் கையெழுத்தும் சீலும் வாங்கின தடிமனான நோட்டைக் காட்டினான். படுக்க இடம் கேட்டான். எங்க வீடு அங்கேருந்து அஞ்சு நிமிசம். ஹால் காலியாத்தான் இருக்கு. வேலூர்ப் பெரியவர், தாபா கட்டில், வாட்ச்மேன் எல்லாரும் மனசுல வந்தாங்க. வாய் திறந்து "வீட்டுக்கு வா"ன்னு சொல்ல மட்டும் வரல. யாருன்னே தெரியாதே, வீட்ல பசங்க இருக்காங்களேன்னு உள்ளே ஒரு லாட்ஜ் மேனேஜர் உட்கார்ந்துக்கிட்டாரு.

டிபன் வாங்கிக் குடுத்து, தெரிஞ்ச லாட்ஜுக்குக் கூட்டிட்டுப் போனேன். "தனி ஆளா?"ன்னாரு கவுண்டர்ல. என் நம்பரைக் குடுத்து, வாடகையும் கட்டினேன். ரிஜிஸ்டர்ல 'உறவு'ன்னு ஒரு கட்டம். பழகி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. 'நண்பர்'னு எழுதினேன்.

மறுநாள் காலையில அஞ்சரைக்கு போன். அவசரமா எடுத்தேன்.

"சார், உங்க ஆளு கிளம்பிட்டாரு. ஆற்காடு ரோடு எந்தப் பக்கம்னு கேட்டாரு, காட்டி விட்டுட்டேன்."